பிரித்து எழுதுக

எட்டாம் வகுப்பில் தமிழில் நான்தான் முதல். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. கடைப் பெயர்ப்பலகையைக்கூட விடாமல் பிரித்து எழுதி, சந்தி விதி சொல்லி, கேட்பவர்களின் உயிரை வாங்குவேன். பெரியம்மா செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்த எட்டாம் வகுப்புக்காரியை நினைத்தால் ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் இருக்கிறது.

என்னை வளர்த்தது பெரியம்மாதான். அம்மாவின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா வீடு சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கு ஒன்றரை வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் பாரிசுக்குப் போனார்கள். வேலையும் வீடும் சரியானதும் என்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. சரியாகப் பதினோரு வருஷம் பிடித்தது. அதற்குள் நெல்லித்தோப்பு வீட்டில் நான் பெரியம்மாவை 'அம்மா' என்றும் 'நீ' என்றும் கூப்பிட்டு வளர்ந்துவிட்டேன். ஃபோனில் வருகிறவள் பாரிஸ் அம்மா. அவளுக்கு 'நீங்க'.

அந்த டிசம்பரில் பாரிஸ் அம்மா என்னைக் கூட்டிப்போக வருகிறாள் என்று தெரிந்ததும் பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள்.

"பத்தாவது முடியறவரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு கேக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சி எல்லாரும் சாப்பிட வருவாங்க இல்ல, அப்ப மாமாவ வெச்சிக்கிட்டே கேட்டுடறேன். நீ நடுவுல வாயத் தொறக்காத."

எனக்கும் போக இஷ்டமில்லை. சரியென்று தலையாட்டினேன்.

அதே வாரம் வகுப்பில் ஒரு சங்கப் பாடல். ஆஸ்பத்திரிப் பலகையில் 'செவிலியர்' என்று பார்க்கிறோமே, அந்தச் சொல் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டிலேயே இருக்கிறது என்றார் தமிழ் டீச்சர். ஆனால் பாட்டில் வரும் செவிலி நர்ஸ் இல்லை. பெற்றவளுக்குப் பதிலாகப் பெண்ணை வளர்ப்பவள். சோறூட்டித் தூங்கவைத்து, அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டால் காட்டுவழியெல்லாம் தேடிக்கொண்டு போகிறவள். பெற்றவளுக்கு நற்றாய் என்று பெயர். எனக்குப் புல்லரித்துவிட்டது. பழைய செவிலியும் புதிய செவிலியும் ஒரே ஆளாக என் வீட்டிலேயே இருக்கிறாள்! வகுப்பில் வேறு யாருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. சொல்லி அசத்துவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். இரண்டு நாள் முன்பு வந்திறங்கிய பாரிஸ் அம்மா விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் எனக்கு விக்கல் எடுத்தது. "அம்மா, தண்ணி" என்றேன். இரண்டு பேரும் எழுந்தார்கள். பாரிஸ் அம்மா மெல்லத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

"ரெண்டு பேரையும் அம்மான்னா எப்படிம்மா? ஆளுக்கு ஒரு பேரு வெச்சிடேன்."

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தது சுத்தமாக மறந்துபோனது.

"பாரிஸ் அம்மா நற்றாய். நம்ம அம்மா செவிலித்தாய்" என்றேன்.

மாமா கைதட்டினார். தண்ணீர்ச் சொம்போடு வந்த பெரியம்மா சிரித்த முகமாகத்தான் கேட்டாள்.

"நற்றாய்னா இன்னாடி?"

"நன்மை கூட்டல் தாய். நல்ல தாய்."

"அப்ப செவிலின்னா?"

"அதான் உனக்கே தெரியுமே. நர்ஸு!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சொன்ன மீதியை நான் எடுப்பதற்குள் மாமா வெங்காயப் பச்சடி கேட்டார். பெரியம்மா உள்ளே போனாள்.

வந்து எல்லோருக்கும் பரிமாறினாள். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்தது, காபி வந்தது. டிக்கெட் போட்டாயிற்று என்று பாரிஸ் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சரி பாப்பா. டி.சி.க்கு நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் பெரியம்மா தங்கையிடம்.

எல்லோரும் போனபிறகு ஏன் கேட்கவில்லை என்று சண்டை போட்டேன். "மறந்துட்டேன்" என்றாள். நம்பினேன். இவ்வளவு பெரிய விஷயத்தைக்கூடவா மறப்பாள் என்ற கோபத்தில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. எனக்கு அந்த வீட்டில் மிச்சம் இருந்ததே பன்னிரண்டு நாள்.

கிளம்பும் காலையில் அவள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு டூட்டிக்குத் தயாராக நின்றாள். பாரிஸ் அம்மா கையில் ஒரு தாளைக் கொடுத்து, வரிவரியாக விரல் வைத்துச் சொன்னாள்.

"குளிர்ல இளைப்பு வரும். காலைல ரெண்டு பஃப், ராத்திரி ரெண்டு பஃப். பென்சிலின் ஒத்துக்காது, ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிடு. காய்ச்சல் வந்தா ஒளறுவா, பயந்துடாத. அவ்ளோதான்."

டூட்டி மாறும்போது அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகக் காட்டி அவள் இப்படிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அதே குரல். பிறகு வாட்ச்சைப் பார்த்தாள். நேரமாகிறது என்று என் தலையைத் தொட்டுவிட்டு, கார் கிளம்புவதற்கு முன்பே தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

விமானத்தில் பாரிஸ் அம்மாவிடம் சொன்னேன், பெரியம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அவள் கல்நெஞ்சக்காரி என்று. அவள் யார் என்று எல்லோர் முன்னாலும் நான்தான் சொல்லியிருந்தேன். நான் சொன்னபடிதான் அவள் நடந்துகொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.