பாக்கெட் அக்காவின் முதல் வரி

சலவைக் கடையில் கோட்டைக் கொடுத்தவர் ரசீது கேட்பதற்குள் பாக்கெட் அக்காவின் இரண்டு விரல்கள் கோட்டின் உள்பைக்குள் இறங்கிவிட்டன. ஒரு சீப்பு, மடித்த சினிமா டிக்கெட், ஒற்றைக் கம்மல். மூன்றையும் காகித உறையில் போட்டு ரசீதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். கம்மலைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் போன போக்கைக் கவனிக்காத மாதிரி நன்றாகவே கவனித்துக்கொண்டாள். அவர் படியிறங்கியதும் பின்பக்கம் திரும்பி, "அண்ணே, டிக்கெட்டும் ஒன்னு, கம்மலும் ஒன்னு. ஒரு கதை ஓடுது பாருங்க" என்றாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஓடுறது இருக்கட்டும்மா. எழுதி முடிச்சா சொல்லு, உசுரோட இருந்தா படிக்கிறேன்."

சலவைக் கடைக்கு வரும் துணியில் பையைத் துழாவுவது அவள் வேலை. மறந்துபோன பேனா ஒன்று உள்ளே போனால் இருபது சட்டை நீலமாகிவிடும். ஆனால் அவள் துழாவும் அழகைப் பார்த்தால் சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "சட்டை ஊருக்குப் போடுறது. பை அவங்கவங்களுக்கு" என்பாள். வயது நாற்பத்தாறு. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா சொருகியிருக்கும்.

கவுண்ட்டருக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அது நிறைய வீணாய்ப்போன ரசீதுகள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரே ஒரு வரி எழுதி, அதையும் அடித்திருப்பாள். "மொத வரி அமைஞ்சிட்டாப் போதும், மிச்சம் தானா வந்துடும்" என்று அவள் சொல்லத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. பேனா சரக்கென்று இழுபடும் சத்தம் கேட்டால் இஸ்திரிக்காரர் தலையைத் தூக்காமலே, "அடிச்சாச்சா?" என்பார்.

இப்படியிருக்க, போன மாதம் அவள் தங்கையின் கதை பத்திரிகையில் வந்துவிட்டது. போட்டோவோடு!

சின்னவள் வேறு ஊரில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறாள். அதுவரை லீவு லெட்டர் தவிர எதையும் எழுதியவளில்லை. சொந்த அனுபவத்தைக் கதையாக்குவது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினார்களாம். போனாளாம், எழுதினாளாம். "ரெண்டே நாளுண்ணே! ரெண்டு நாள் வகுப்பு! நான் இங்க ஒம்பது வருஷமா டப்பாவை ரொப்பிட்டுக் கெடக்குறேன்" என்று பாக்கெட் அக்கா அன்றைக்கு ஒரு சட்டையைப் பொத்தானே பிய்ந்துபோகிற மாதிரி உதறினாள்.

கதை அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றியது. நாற்பத்தோரு நாளும் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் பெரியவள். சின்னவள் ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வருவாள், வந்ததிலிருந்து ரயிலுக்கு மணி பார்ப்பாள். கதையிலோ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது 'நான்'. சர்க்கரை வியாதிக்கார அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது பையைத் துழாவி, ஒளித்து வைத்திருந்த இரண்டு மிட்டாயைக் கண்டெடுத்து அழுவதும் 'நான்'. போனில் அக்கா விம்மி விம்மிச் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் வந்திருந்தது. அக்கா என்று ஒருத்தி ஒரே ஒரு வரியில் வருகிறாள், வெந்நீர் கொண்டுவர. "என்னை பிளாஸ்க் தூக்க வெச்சுட்டா பாருங்க!" என்று அவள் சொன்னபோது இஸ்திரிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

வயிறு எரிந்தது. சின்னவள் நன்றாக எழுதியிருந்தாள் என்பதால் இன்னும் எரிந்தது. கடைசி வரியில் வந்து நின்றவள்தான் அதற்குமேல் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. 'கடைசி மூச்சுவரை அப்பாவின் கையை நான் விடவே இல்லை.'

அப்படி நடக்கவில்லை. பட்டப்பகல் மூன்று மணி. கட்டில் விளிம்பில் தலை சாய்த்துப் பெரியவள் தூங்கிப்போனாள். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. "கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்று அவள்தான் தங்கையிடம் சொன்னாள். சின்னவள் கொண்டுபோனவற்றில் அந்தப் பொய்யும் ஒன்று.

மிட்டாயோடு பையில் இன்னொன்றும் இருந்தது. தொண்டையில் குழாய் போட்டபிறகு அப்பா எதையும் துண்டுச்சீட்டில் எழுதித்தான் காட்டுவார். அப்படி ஒரு சீட்டு. 'பெரியவ தூங்குறா. எழுப்பாதீங்க.' மடிப்பு நைந்து பஞ்சாகியிருந்தது. ஒரு நாள் மட்டும் நர்ஸிடம் காட்டியதாக இருக்காது. பழக்க தோஷத்தில் அதையும் உறையில் போட்டுக் குண்டூசி குத்தி, டப்பாவின் அடியில் வைத்தவள் அதன்பின் தொட்டதில்லை.

இன்று மதியம் தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா, புத்தகமா போடலாம்னு கேக்குறாங்க. இன்னும் நாலு கதை வேணுமாம். அப்பா பாக்கெட்ல மிட்டாயைத் தவிர வேற ஏதாச்சும் இருந்துச்சா? உன் கையில இருந்து எதுவும் தப்பாதே."

"என்னைக் கேக்குற? நீதானே நாப்பத்தோரு நாளும் பக்கத்துல உக்காந்திருந்தவ?"

"கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்லடி. பொறாமை."

"அக்கா..."

"இருந்துச்சு. ஒன்னு இருந்துச்சு. தர மாட்டேன்."

போனை வைத்தாள். டப்பாவைத் தூக்கிக் கவுண்ட்டரில் கவிழ்த்தாள். அடியிலிருந்த உறை மேலே வந்தது. குண்டூசி துருவேறியிருந்தது. சீட்டை எடுத்து, ஒரு முறை படித்து, முழங்கைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். கொண்டையிலிருந்து பேனாவை உருவி, ஒரு ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

'அப்பா செத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.'

இஸ்திரிக்காரர் காத்திருந்து பார்த்தார். சரக்கென்ற சத்தம் வரவில்லை. "என்னம்மா, இன்னும் அடிக்கலையா?"

அவள் இரண்டாவது ரசீதைத் திருப்பிப் போட்டாள். யாரோ ஒருவர் உள்ளே வந்து ஒரு பேண்ட்டைக் கவுண்ட்டரில் வைத்தார். அதன் பையில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. பாக்கெட் அக்கா அதை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "கொஞ்சம் இருங்க" என்றபடி எழுதிக்கொண்டே போனாள்.