எங்கள் போனில் மூன்றாவது ஆள்

அந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது நான் செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

தாராபுரத்தில் இருந்த அம்மாவுக்குப் பேசலாம் என்று கார்ட்லெஸ் ரிசீவரை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். டயல் டோன் வரவில்லை. ஒரு பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தி, "ஏனுங்க, லைன்ல யாருங்க? சித்தெ வெக்கறீங்களா? அவசரமாப் பேசீட்டிருக்கறனுங்க" என்றாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் நம் ஊர்ப் புத்தி என்ன செய்யும்? "மன்னிச்சுக்குங்க, தெரியாம எடுத்துப்போட்டனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அக்காவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம ஊட்டுப் போனு, நம்ம லைனு. அதுல பூந்து பேசறவகிட்ட நீ மன்னிப்பு வேற கேட்டியா?" என்றாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோயிற்று. இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நம் லைனில் அவளால் பேச முடியும் என்றால், நாம் பேசுவதையும் அவளால் கேட்க முடியும். நான் ஓடிப்போய் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

ஏனென்றால் நான் அந்த வீட்டில் இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வெள்ளகோவிலில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். தறிப்பட்டறை வைத்திருந்த குடும்பம். என் வீட்டுக்காரர் என்று சொல்ல இப்போதும் நாக்கு வராது, குழந்தையின் அப்பா என்றே சொல்லிவிடுகிறேன். அவர் அடிப்பார். காரணம் இருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். ஒருநாள் மத்தியானம் மூன்று வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கோயமுத்தூர் வடவள்ளியில் அக்கா வீடு. அப்போது அந்தப் பக்கம் சைட்டுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடுகள். ஒளிந்துகொள்ளத் தோதான இடம் என்று நினைத்தேன்.

நாலாம் நாளே அவர் தேடிக்கொண்டு வந்தார். அக்காவின் கணவர், என் மாமா, கேட்டருகிலேயே நிறுத்தி, "இங்க வருலீங்களே" என்று கூசாமல் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் போகும்போது சொன்னது அட்சரம் பிசகாமல் எனக்குக் கேட்டது. "அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். புள்ளைய மட்டும் ஒரு நாளைக்குத் தூக்கீட்டுப் போயிருவேன். அப்பறம் பாருங்க, அவளே பின்னாடி ஓடி வருவா."

அவர் சொன்னது உண்மை. குழந்தை போனால் நான் ஓடத்தான் செய்வேன். அந்த மனிதருக்கு என்னைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

கோர்ட்டில் உத்தரவு வாங்கும்வரை குழந்தை கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். பழைய போன் முன்னறையில், ஜன்னல் ஓரமாக இருந்தது. அங்கே நின்று பேசினால் ரோட்டில் போகிறவர்களுக்கு என் முகம் தெரியும். அதற்காகவே மாமா கிராஸ்கட் ரோட்டில் சிங்கப்பூர் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்தக் கார்ட்லெஸ்ஸை வாங்கி வந்தார். ஒயர் இல்லை. உள்ளறையிலோ மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னாலோ உட்கார்ந்து பேசலாம். நான் பேசினேன். வக்கீலம்மாவிடம் பேசினேன். அம்மாவிடம் மணிக்கணக்கில் அழுதேன். குழந்தை என்ன சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள், பகலில் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான் என்பது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன்.

அந்தக் குரலுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் குழந்தையைத் தூக்கிக்கொள்வேன். ஒருநாள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது போனுக்குள் குக்கர் விசில் கேட்டது. எங்கள் அடுப்பில் குக்கர் இல்லை. "உங்க அடுப்புல குக்கராம்மா?" என்றேன். "மத்தியானம் மூணு மணிக்கு எவடி குக்கர் வெப்பா?" என்றாள் அம்மா. விசில் இன்னொரு முறை அடித்தது. நான் பொத்தானை அமுக்கிவிட்டு, ரிசீவரைக் கட்டிலில் எறிந்துவிட்டு, எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டேன். கொல்லைக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

மாமா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். ஏரியலை உள்ளே தள்ளிப் பார்த்தார். ரிசீவரை வைக்கும் அடிப்பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். உள்ளே இருந்து மணியடித்தால் சாவி தேடித் திறப்பதற்குள் நின்றுபோகும். லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கம்பத்தில் ஏறி இறங்கி, "ஒயரு சுத்தமா இருக்குதுங்க. காத்துல வர்றத நான் என்னங்க பண்றது?" என்று கையை விரித்துவிட்டார்.

பழையபடி ஒயர் போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜன்னலுக்கும் பயம், காற்றுக்கும் பயம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைசியில் மறைத்துப் பேசுவது என்று முடிவாயிற்று. குழந்தைக்குக் கன்னுக்குட்டி என்று பெயர். வக்கீலம்மா டாக்டர். வடவள்ளி பெங்களூர். அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. "பெங்களூர்ல மழையா கண்ணு? மருதமலைப் பக்கம் ஒரே மூட்டமா இருக்குதுன்னு பஸ்ல வந்தவங்க சொன்னாங்களே" என்பாள். மருதமலை எங்கள் வடவள்ளிக்குப் பக்கத்து மலைக்கோயில். "கன்னுக்குட்டி ரெண்டு இட்லியாவது தின்னுச்சா? தலைக்கு எண்ண வெச்சு உட்டியா?" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, வாய வெச்சுட்டுச் சும்மா இரும்மா" என்று கத்துவேன்.

அப்படியிருக்கும்போதுதான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போனபின் தனியாக இருக்கப் பயந்து அம்மாவை வரச் சொன்னேன். அம்மா ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு வந்து சேர்ந்தாள். எனக்குப் பாதிப் பயம் போயிற்று என்றே சொல்ல வேண்டும். அம்மா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக் கொடுப்பாள், அவள் தூங்கிப்போவாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நானும் பகலில் கண்ணசந்தேன்.

புதன்கிழமை மாமா வேலை முடிந்து கிராஸ்கட் ரோட்டுக் கடைக்கே போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பெட்டிக்கு அடியிலும் ரிசீவரில் பேட்டரி போடும் இடத்திலும் அரிசி அரிசியாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்குமாம். மேலே கீழே என்று நம் இஷ்டத்துக்கு மாற்றி, இரண்டிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டுமாம். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாப் போனிலும் எல்லாச் சுவிட்சும் கீழே பார்த்துத்தான் இருக்குமாம். "யாரும் மாத்தறதில்லீங்க. அதே செட்டு உங்க ஏரியாவுக்கு இன்னொண்ணு போயிருக்குதுங்க, அவ்வளவுதான் விசியம்" என்றாராம். வீடு எது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"திருகாணி ரொம்பப் பொடிசு, அதுக்குத் தக்கின ஸ்க்ரூ டிரைவர் எங்க கம்பெனில இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து மாத்திப்போடலாம். இனி ஒரு நாள்தான், பயப்படாதே" என்றார் மாமா.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "காச்ச உட்டா மருதமலைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு வேண்டிருக்கறேன் கண்ணு. வெள்ளிக்கெழம வெடியால மொத பஸ்ஸுல போனா கூட்டம் இருக்காது. ஒருத்தரும் பாக்கமாட்டாங்க." எனக்கும் ஆசையாக இருந்தது. கேட்டைத் தாண்டி வெளியே போயே இரண்டு மாதம் ஆகியிருந்தது. சரி என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம். குழந்தைக்கு அடுத்த வேளை மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க ரிசீவரை எடுத்தேன். நிஜ டாக்டர். டயல் டோன் இல்லை. அதே பெண்ணின் குரல்.

"அம்மணி, வெச்சறாதீங்க. நீங்கதானுங்களே அந்தக் கொழந்தையோட அம்மா?"

தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம மருதமலைக்குப் போகாதீங்க கண்ணு."

பொத்தானை அமுக்கிவிட்டேன். இது அவர்கள் ஆள்தான், வெள்ளகோவில் ஆள்தான், என்னை மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அந்தப் பக்கம் குழந்தையோடு படுத்திருந்தாள். ஓடிப்போய் எழுப்பக்கூடப் பார்த்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மருதமலைப் பேச்சு நேற்று ராத்திரி, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசியது. நான் அதைப் போனில் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி இவளுக்குத் தெரியும்?

மொட்டை மாடிக்குப் போய் மறுபடி பொத்தானை அமுக்கினேன். அவள் வைக்காமல் இருந்தாள்.

"நேத்து மத்தியானம் உங்கம்மா பேசுனாங்கங்க. மாப்ள, மாப்ளன்னு கூப்பிட்டாங்க. அடிவாரத்துல காரை நிப்பாட்டிட்டு இருங்க, நான் கொழந்தையத் தூக்கீட்டு முன்னால வந்தர்றேன், அவளப் பொங்கல் வாங்க அனுப்பிச்சர்றேன்னு சொன்னாங்க. ஒட்டுக் கேட்டது தப்புதானுங்க. மொதல்ல தெரியாமக் கேட்டேன், பொறவு வேணும்னேதான் கேட்டேன். நீங்க அழுகறதக் கேட்டுட்டு எங்கூட்டுலயும் எனக்குச் சோறு எறங்குலீங்க."

"நீங்க யாருங்க? ஊடு எங்கீங்க?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க கண்ணு. பத்தரமா இருங்க." வைத்துவிட்டாள்.

நான் அதை நம்பவில்லை. நம்பக் கூடாது என்று முரண்டு பிடித்தேன். எவளோ ஒருத்தி, திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்கிறவள், அவள் பேச்சை நம்பிப் பெற்றவளைச் சந்தேகப்படுவதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அம்மா எழுந்து முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீ நேத்து வெள்ளகோவிலுக்குப் பேசுனியா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"கத்தாதே. நாஞ் சொல்றதக் கேளு" என்று அம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள அங்க போயிருச்சுன்னா நீயும் பின்னாலயே போயிருவே. நாலு நாள்ல எல்லாஞ் சரியாப்போயிரும்னு நெனச்சேன். இனிமே கை நீட்டமாட்டேன்னு மாப்ள தாராபுரத்துக்கே வந்து என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு கண்ணு."

"எத்தனாவது சத்தியம்மா அது?"

"ஏண்டி, எங்க காலத்துல எவ அடி வாங்குல? கோர்ட்டு, வக்கீலுன்னு போனா நாளைக்கு இந்தப் பொம்பளப் புள்ளைய எவன் கட்டுவான்? உன்ற நல்லதுக்குத்தாண்டி."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பெற்ற தாயிடம் சொல்லக் கூடாததையும் சொன்னேன். அவள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. காய்ச்சல் கண்ட ஒரு வாரமாகக் குழந்தை அவள் மடியில்தான் தூங்கியிருந்தது.

அக்காவிடம் சொன்னால் அந்த நிமிஷமே அம்மாவை வெளியே போகச் சொல்லிவிடுவாள். மாமா முகத்தில் அப்புறம் யார் விழிப்பது? நாளைக் காலையில் முதல் வேலையாக அம்மாவைத் தாராபுரம் பஸ் ஏற்றிவிடுவது, அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். பாயை விரித்து, போனைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா டார்ச் பிடித்தாள். அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பேனா முனையால் ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளினார், மேலே, மேலே, கீழே, மேலே. ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ரிசீவரிலும் அதே மாதிரி தள்ளினார். மூடித் திருகினார். பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தார். டயல் டோன் சுத்தமாக வந்தது.

"ஆச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனி நம்ம ஊட்டாளுகளத் தவுத்து ஒரு ஈ காக்கா இதுக்குள்ள பூர முடியாது. போயி நிம்மதியாத் தூங்கு."

"அப்பாடா" என்றாள் அக்கா.

"ரொம்ப நல்லதுங்க மாப்ள" என்றாள் அம்மா.

குழந்தை என் தோளில் கண்ணைக் கசக்கியது. தூக்கம் வந்துவிட்டது. எப்போதும்போல அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். "புள்ளையக் குடு கண்ணு, நாந் தூங்க வெக்கறேன்."

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. மாமாவும் அக்காவும் எதுவும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் கைகள் நெடுநேரம் நீட்டியபடியே இருந்தன.