நிர்வாகம் என்று கையொப்பமிட்டேன்

மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் பெயரை எழுதக்கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். எழுதினால் ஒஸ்லோவில் பாதிப் பேர் அடுத்த மாசி மாதம் அங்கே வந்து நின்று அதையும் கெடுத்துவிடுவார்களாம். நான் எழுதுவதை ஒஸ்லோவில் பாதிப் பேர் வாசிப்பார்கள் என்று அவள் நம்புவதே எனக்குப் பெருமைதான். ஆகவே பெயர் வேண்டாம்.

நான் ஒஸ்லோவின் ஓரத்தில் குரோருட்டில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் இருக்கிறேன். சம்பளத்துக்கு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஆனால் என்னைக் கேட்டால் என் உண்மையான உத்தியோகம் அந்தக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் பதவிதான். பதினொரு வருடமாக நான்தான் தலைவர். யாருடைய சைக்கிள் படிக்கட்டை மறிக்கிறது, யார் வீட்டுக் குப்பை தரம் பிரிக்காமல் வருகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வருடத்தில் நான் மிகவும் எதிர்பார்க்கும் நாள், தீபாவளியோ பொங்கலோ அல்ல, வசந்தகால டுக்னாட். பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டாரும் இறங்கி வந்து, வளவைக் கூட்டி, சருகு அள்ளி, வாங்குகளுக்கு வர்ணம் அடித்து, கடைசியில் சொசேஜும் வாஃபிளும் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். நோர்வேக்காரர் இதைக் கிட்டத்தட்ட ஒரு மதமாகவே வைத்திருக்கிறார்கள். நான் மதம் மாறி வந்தவன் என்பதால் எனக்கு அவர்களைவிடப் பக்தி அதிகம்.

“இந்த மனிசன் என்னைக் கட்டினதுக்குப் பதிலா ஒரு கூட்டுற தும்புத்தடியைக் கட்டியிருக்கலாம்” என்பது மனைவியின் அபிப்பிராயம். அதை அவள் விருந்தாளிகள் இருக்கும்போதுதான் சொல்வாள்.

எங்கள் ஒரே மகள் மூன்று வாரம் விடுமுறை என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். இரண்டு வருடமாகியும் விடுமுறை முடியவில்லை. ஒஸ்லோ நிறுவனம் ஒன்றுக்குத்தான் அங்கிருந்தும் கணினியில் வேலை செய்கிறாள். அங்கே விடிய நாலு மணிக்கு எழும்பினால் ஒஸ்லோவில் பகல் பதினொரு மணி. நண்பகலுக்கு வேலை முடிந்துவிடும், பிறகு கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். நான் அவளுக்குப் பனியைப் பற்றிச் சொல்வேன், லிப்ட் பழுதானதைப் பற்றிச் சொல்வேன், வாகனம் நிறுத்தும் இடத்துச் சண்டைகளை விபரமாகச் சொல்வேன். எப்போது திரும்பி வருகிறாய் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு அவளாகவே சொன்னாள். ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். மேலே, குசினியும் பல்கனியும் உள்ள பெரிய அறை சித்திரையில் காலியாகிறது. அதை ஒரு வருடத்துக்கு எடுக்க விரும்புகிறாள். வேறு இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்காரி இன்னும் முடிவு சொல்லவில்லை. தனக்குப் பிடித்த ஆளுக்குத்தான் வருடக் கணக்கில் கொடுப்பாளாம்.

“அது கிடைச்சா நான் இஞ்சையே இருந்திடுவன் அப்பா. ஒருக்கா வந்து பாருங்கோ” என்றாள்.

அன்றைக்கே எங்கள் இருவருக்கும் விமான ரிக்கெற் எடுத்தேன். கடல் பார்க்கப் போகிறோம் என்று மனைவி நினைத்தாள். நான் மகளைக் கூட்டிவரத்தான் போனேன். இதை மனைவியிடமும் சொல்லவில்லை.

ஊர் என்னை முதல் நாளே தோற்கடித்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். தெருவுக்குக் குறுக்கே வெட்டுப்பூ வேலை செய்த வண்ணக் காகிதங்கள் வரிசையாகத் தொங்கின. நடுத்தெருவில் நாய்கள் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன, வாகனங்கள்தான் விலகிப் போயின. சப்பாத்துப் போட்ட ஒரே ஆள் நான். மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தாள். அதற்கு ஏதோ நாங்கள்தான் உரிமையாளர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மனைவி இரண்டு கோப்பை வாங்கி, எனக்கு ஒன்று தருவாள் என்று பார்த்தால், இரண்டையும் தானே சாப்பிட்டாள். அவள் முகத்தை அவ்வளவு சந்தோசமாகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பின்னேரம் மூவரும் மணலில் இருந்து, கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் விழுந்து மீன் பிடிப்பதைப் பார்த்தோம். மகள் தன் தாயின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே சந்தோசமாகப் போனது. மூன்றாம் நாள் எனக்குக் கை அரிக்கத் தொடங்கியது.

காலை ஆறு மணிக்கு எழும்பி, மகள் கணினிக்கு முன்னால் இருக்க, நான் முற்றத்தில் இருப்பேன். காகிதப்பூ மரம் தன் பாட்டுக்குப் பூவைக் கொட்டிக்கொண்டிருக்கும். படிகளில் மணல். சுவரோரம் கால் உடைந்த கதிரை ஒன்று. அலையில் சறுக்கும் பலகைகள் வழியை மறித்துச் சாய்ந்து நின்றன. எங்கள் தீயணைப்பு விதிகளின்படி பார்த்தால் அந்த வீட்டை அன்றைக்கே இழுத்து மூடவேண்டும். ஆறு அறைகளிலும் நல்ல இளம் ஆட்கள். கனடாக்காரன் ஒருவன் நாள் முழுக்கக் கித்தார் வாசித்தான். ஆர்ஜென்டீனாப் பெண் ஒருத்தி தலைகீழாக நின்றாள். இவ்வளவு பேர் இருந்தும் ஒரு தும்புத்தடியைத் தொட ஆளில்லை.

வியாழக்கிழமை காலை, கைப்பேசியில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் ஆறு அறிவித்தல்கள் என் கையாலேயே எழுதினேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் முற்றத்துக்கு வரவேண்டும். முதலாம் அறை கூரைத் தண்ணீர் வடியும் பீலியைத் துப்புரவாக்கும். இரண்டாம் அறை படிகளைக் கழுவும். இப்படி ஆறாம் அறை வரைக்கும் வேலை பிரித்திருந்தேன். வரமுடியாதவர்கள் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். முடிவில் சாப்பாடு உண்டு. பதினொரு வருடப் பழக்கத்தில், கீழே கை தானாக எழுதியது: நிர்வாகம்.

ஒவ்வொரு கதவிலும் ஒன்றை ஒட்டிவிட்டு, திருப்தியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

மத்தியானம் மகள் கணினியை மூடிவிட்டு வெளியே வந்தாள். ஐந்து நிமிடத்தில், கையில் கிழித்த அறிவித்தலோடு என் முன்னால் நின்றாள்.

“அப்பா, இது நீங்களோ எழுதினது?”

“ஓம். ஒரு சின்ன டுக்னாட். ரெண்டு மணித்தியால வேலை.”

“ஆர் நிர்வாகம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுக்கு நிர்வாகம் என்று இருந்தால் அது ஒரே ஒருத்தி, வீட்டுக்காரி. அறிவித்தலைப் பார்த்தவர்கள் அவளிடம் போய், இதென்ன, வாடகைக்கு இருப்பவர்கள் பீலி கழுவவேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வந்து ஒன்றை வாசித்திருக்கிறாள். தன் முற்றம் ஊத்தை என்று தன் பெயரிலேயே யாரோ எழுதி ஆறு கதவில் ஒட்டியிருப்பதைக் கண்டிருக்கிறாள். மகளுடைய அப்பாதான் ஒட்டினார் என்று கித்தார்க்காரன் சொல்லியிருக்கிறான். பிறகு அவள் மொபெட்டில் ஏறிப் போய்விட்டாளாம், மகளுடைய வணக்கத்துக்குப் பதிலும் சொல்லாமல்.

“அந்த அறை இனி எனக்கில்லை. போச்சு” என்றாள் மகள். சத்தம் போடவில்லை. அழுதாள். முப்பது வயதுப் பிள்ளை அழுவதைப் பார்க்கத் தகப்பனுக்கு ஒரு வழியும் தெரியாது.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் அழுதுகொண்டிருக்க, எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் தலை நீட்டியது. அறை இல்லாவிட்டால் வீட்டுக்கு வருவாள்தானே. உடனே வெட்கமாகவும் இருந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்திநாலு வருடம் கூட வாழ்ந்தவளிடம் முகத்தை மறைக்க முடியாது.

“வேணுமெண்டோ செய்தனீங்கள்?” என்று மெல்லக் கேட்டாள்.

“சத்தியமா இல்லை” என்றேன். சத்தியமாக இல்லைதான். ஆனாலும் அந்தச் சந்தோசம் என்னுடையதுதான்.

அறிவித்தல்களை நானே ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தேன். ஆனால் சனிக்கிழமை சாப்பாடு உண்டு என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்று மனைவி கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, அங்கத்தைய பச்சைமிளகாயைப் போட்டு அரைத்து, கறிவேப்பிலை இல்லாமல் வடை சுட்டாள். பத்து மணிக்கு முற்றத்தில் நான் மட்டும் நின்றேன். பதினொன்றுக்கும் நான்தான். ஒரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள், ஒருவன் தர்ப்பூசணி, ஒருத்தி பியர், இன்னொருத்தி வறுத்த மீன் என்று ஆளுக்கொன்று கொண்டு. தலைகீழாக நிற்கும் பெண் ஒன்பது வடை சாப்பிட்டாள். கித்தார்க்காரன் நன்றாகவே வாசித்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வேலையும் நடக்கவில்லை. பூக்கள் எங்கள் தலையிலும் தட்டிலும் விழுந்தன, அது எனக்கு இடைஞ்சலாகவே இல்லை. ஒரு வேலையும் நடக்காத டுக்னாட்டில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததை குரோருட்டில் சொன்னால் என் பதவி போய்விடும்.

வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. வாசல் படலை திறபடும் ஒவ்வொரு தடவையும் மகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவள் சாப்பிடவும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் ஒரு கிண்ணத்தில் வடையை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, நான் வீட்டுக்காரியிடம் போனேன். இரண்டு தெரு தள்ளி அவளுடைய வீடு. என் வயதுதான் இருக்கும். வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கதிரை காட்டினாள், சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தையை ஸ்பானிஷில் பாடமாக்கி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். மிச்சத்தைத் தமிழில் சொன்னேன், மகள் மாற்றிச் சொன்னாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதையும், நிர்வாகம் என்று எழுதியது கைப்பழக்கம் என்பதையும், அவளுடைய முற்றத்தைக் குறைசொல்ல வரவில்லை என்பதையும் சொன்னேன். பூக்களைத் தான் வேண்டுமென்றே விட்டுவைப்பதாகவும், திங்கட்கிழமைகளில் மட்டும் கூட்டுவதாகவும், அது தன் வேலை என்றும் அவள் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன். ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். கடித்துக்கொண்டே என்னை நன்றாகப் பார்த்து ஏதோ கேட்டாள்.

மகள் அதைத் தமிழில் சொல்லவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னவாம்?” என்றேன்.

“உங்கட மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறா.”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நல்ல தகப்பன் என்று பெயரும் எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஓம் எண்டு சொல்லு. ஒவ்வொரு நாளும் விருப்பம் எண்டு சொல்லு” என்றேன். பிறகு மூச்சை இழுத்து விட்டு, “ஆனா அந்த அறையை இவளுக்கே குடுக்கச் சொல்லு. இவள் நல்ல பிள்ளை. பிழை விட்டது நான்” என்றேன்.

மகள் அதை ஸ்பானிஷில் சொன்னாள், இடையில் குரல் ஒருமுறை உடைந்தது, திரும்பத் தொடங்கிச் சொல்லி முடித்தாள். வீட்டுக்காரி அவளைப் பார்த்துச் சின்னதாக ஒரு பதில் சொன்னாள். பிறகு பப்பாசியில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து எனக்கு நீட்டினாள்.

திரும்பி நடக்கையில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

“என்ன சொன்னவ?”

“சித்திரை முதலாம் திகதி மேல் அறைக் கதவின்ர திறப்பை என்ர கையில தருவாவாம்.”

“நீ என்ன சொன்னனி? நான் முதல் சொன்னதையோ, பிறகு சொன்னதையோ?”

“ரெண்டையும்தான் சொன்னனான்.” கொஞ்சத் தூரம் நடந்தாள். “முதல் சொன்னதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை, அப்பா.”

உண்மைதான். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறைகூட நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அதைச் சொல்வதற்கு, அதுவும் மகளுடைய வாயாலேயே சொல்லவைப்பதற்கு, அவ்வளவு தூரம் பறந்து போயிருந்தேன்.