ரெசின் நாற்றம்

ஒரகடத்து ஷெட்டில், எங்கள் முதலாளி ஆசையாகக் கட்டும் குட்டி விமானத்தின் இன்ஜின் மூடிக்கு ஃபைபர் விளிம்பு ஒட்டுவதற்காக ரெசின் பசை டப்பாவைத் திறந்தேன். குமட்டியது.

வடக்குப்பட்டு வீட்டில் அப்பாமேல் வீசிய அதே நாற்றம். ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ரெசின் மஞ்சளாகக் காய்ந்திருக்கும். எட்டு வயதில் ஒருநாள், அவர் ஊட்டிய மீன்சோற்றை அவர் உள்ளங்கையிலேயே துப்பினேன்.

"உவ்வே! உன் கை நாறுதுப்பா, வாணாம்!"

அடிக்க வந்த அம்மாவை அப்பா தடுத்தார். "வுடு, பொண்ணு பொய்யா சொல்லுது?"

அதன்பிறகு அவர் எனக்கு ஊட்டவேயில்லை.

"இன்னாம்மா, வாந்தி வருதா? மாஸ்க் போட்டுக்கோ," என்றார் முதலாளி.

மாட்டிக்கொண்டேன். அப்பா அப்படியொன்று போட்டு நான் பார்த்ததேயில்லை. அன்று துப்பிய என் வாயை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.