சத்தம் அனுப்புங்கள்

போகாமலே முடித்துக்கொடுத்த வேலையை வேலை என்று சொல்லலாமா? வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒருத்தியின் பிழைப்பு இந்தக் கேள்வியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் திரிந்தது. அவளுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. பாரம் அவள் கணவனுக்கு. அவன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவர்களை “டாக்டரப் பாத்துட்டு வாங்க” என்று திருப்பியனுப்பியே பழகியவன். பார்க்காமலே நோயைச் சொல்லுகிற ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது அவனுக்கு ஆரம்பத்தில் உறுத்தலாகத்தான் இருந்தது.

எட்டு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டுத் தனியாக வந்தவள் அவள். தனியாக வந்த முதல் மாதத்தில், லிப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் கருவிப்பையைச் சுமந்து ஐந்து மாடி ஏறினாள். மெஷினின் அடிமூடியைத் திறந்தாள். குழந்தையின் ஒற்றைக் காலுறை ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து, பிழிந்து, அந்த வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிட்டு ஐந்து மாடி இறங்கினாள். அன்று சாயங்காலமே தன் வாட்ஸ்அப் முகப்பில் ஒரு வரி எழுதி வைத்தாள்: ‘நான் வருவதற்கு முன் சத்தம் அனுப்புங்கள்.’

அனுப்பினார்கள். தடதடவென்று, கீச்கீச்சென்று, கடகடவென்று. சமையல் கரண்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் போனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பாள்.

“பம்ப்புல சில்லறை கெடக்குது. முன்னாடி கீழ ஒரு சின்ன மூடி இருக்கும் பாருங்க, தட்டு ஒண்ணு வச்சுட்டுத் தெறங்க. தண்ணி வரும், பயப்படாதீங்க.”

“மெஷினோட கால் ஒண்ணு தரையில படல. அட்டையெல்லாம் வைக்காதீங்கண்ணே, காலையே திருகலாம்.”

பத்துப் பேரில் ஆறு பேருக்கு அவள் முகமே தெரியாது. தெருவில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயராகிவிட்டது.

வீட்டு வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கென்று இருந்த ஒரு செயலியில் அவள் பெயரைப் பதிந்துவிட்டவன் கணவன்தான். பல் துலக்கும்போதே ஒரு கையில் போனைப் பிடித்து, அன்றைக்கு வந்த விமர்சனங்களைப் படிப்பான். ‘வரவே இல்லை. ஆனால் சரியாகிவிட்டது’ என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். உறுத்தல் போய் அந்த இடத்தில் பெருமை எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவனுக்கே தெரியாது. மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் சொல்லுவான், அவளுக்குச் சராசரி நாலே முக்கால் நட்சத்திரத்துக்கு மேல் என்று. அவனுடைய அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“ஏன்டா, உன் பொண்டாட்டி என்ன பள்ளிக்கூடமா போறா? மார்க் சொல்லிக்கிட்டே திரியிற.”

“நீ வாங்குனதில்லல்ல, உனக்கு எப்படித் தெரியும்.”

அந்தச் சமயத்தில் செயலிக்காரர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். மாதக் கடைசிதோறும் ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்துப் பேரை மட்டும் பச்சைக் குறியோடு முதல் பக்கத்தில் வைப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான்: கடந்த மூன்று மாதத்தில் ஒற்றை நட்சத்திரம் ஒன்றுகூட விழுந்திருக்கக் கூடாது. இரண்டாம் பக்கத்தைத் தள்ளிப் பார்க்கிற பொறுமை எந்த வீட்டிலும் கிடையாது. முதல் பக்கத்தில் இருந்தால்தான் பிழைப்பு. அவளுக்கும் ஆசை இருந்தது. தேய்த்த சட்டையைப் போட்டு, பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். “நல்லா விழுந்திருக்குதாங்க?” என்று இரண்டு தரம் கேட்டாள். யாரிடமும் எதையும் இரண்டு தரம் கேட்கிறவள் இல்லை அவள்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அது விழுந்தது. நுரை வழியும் வாயோடு அவன் படித்தான்: ‘உறுமுகிறது என்றேன். ஒன்றுமில்லை என்றார். இன்று கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது.’ ஒரு நட்சத்திரம்.

எழுதியவர் ஓர் ஆசிரியை. பதினெட்டு நாளுக்கு முன் குரல் பதிவு அனுப்பியவர். அவள் அதை மூன்று தரம் கேட்டிருந்தாள். டீச்சரின் குரல் மட்டும் மணிபோல் வந்தது, பின்னால் எதுவும் இல்லை. மட்டம் பார்த்து வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கும்படி சொல்லியிருந்தாள்.

“வேணும்னே போட்டிருக்கும் அந்தம்மா,” என்றான் கணவன்.

அவள் பையை எடுத்தாள். அவனுக்கு அன்று விடுமுறை. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

டீச்சர் மெஷினை ஓடவிட்டுத்தான் வைத்திருந்தார். இரண்டாம் மாடிப் படியிலேயே கேட்டது உறுமல். மருந்துக்கடைக்காரனுக்கே கேட்டது.

“வகுப்புல கடைசி பெஞ்சுல முணுமுணுக்கிறதே எனக்குக் கேட்கும்,” என்றார் டீச்சர். “இது கேட்காமப் போகுமா? உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கேட்கல?”

அவள் மெஷின்முன் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“டீச்சர், அன்னைக்குப் பதிவு பண்ணுன மாதிரியே இன்னொரு தரம் பண்ணுங்க. அதே போன்ல. அதே மாதிரி பேசுங்க.”

டீச்சர் தன் புதுப் போனைப் பிடித்துப் பேசினார். ஓடவிட்டுக் கேட்டார்கள். வீடே அதிருகிற உறுமல் அதில் இல்லை. வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசியதுபோல டீச்சரின் குரல் மட்டும் இருந்தது. அவள் தன்னுடைய கீறல் விழுந்த பழைய போனை அதே இடத்தில் பிடித்தாள். அதில் உறுமல் முழுசாக இருந்தது.

புதுப் போன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. மனிதக் குரல் வேண்டியது, பின்னால் ஒரே சீராக வருகிற இரைச்சல் குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கிறது. சில்லறையின் கடகடப்பு, காலின் தடதடப்பு எல்லாம் விட்டு விட்டு வருகிறவை. அவை தப்பித்து வந்ததால் இத்தனை நாள் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. டிரம்மைச் சுழலவிடும் பேரிங் தேயும் ஓசையோ நிற்காமல் ஒரே மாதிரி வருவது. எதைக் கேட்பதற்கு அவள் காதைக் கொடுத்தாளோ, அதையே துடைத்துவிட்டு அனுப்பியிருக்கிறது.

“அப்பாடா,” என்றான் கணவன். “தப்பு போனோடது.”

“வேலைக்கு ஒத்துக்கிட்டது போனா, நானா?” என்றாள் அவள். “அந்தப் பெரிய ஸ்பேனரைக் குடுங்க.”

டிரம்மை வெளியே எடுத்து, துருப்பிடித்த பேரிங்கையும் தண்ணீர் கசிந்த ரப்பர் வளையத்தையும் தட்டிக் கழற்றி, புதியவற்றைப் போட்டு முடிக்கப் பிற்பகலாகிவிட்டது. டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது கணவன்தான். அவள் வேலை செய்வதை அதற்கு முன் அவன் பார்த்ததே இல்லை. பத்துப் பதினைந்து திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கினாள். மாட்டும்போது கண்ணால் தேடவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. இவளை நாலே முக்கால் என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேலை முடிந்ததும் கீழ்வீட்டுக்குப் போய், ஈரம் பூத்த கூரையைப் பார்த்து, “என்னாலதாங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மெஷின் ஓடியது. டீச்சர் வாசற்படியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். “இப்பத்தான் மூச்சு விடுது,” என்று சொல்லித் தன் போனை எடுத்தார். “நான் எழுதுனத எடுத்துடறேன். இந்தப் போனோட கூத்துக்கு உங்க பேர் எதுக்குக் கெடணும்?”

கணவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பச்சைக் குறி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

அவள் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். “வேணாம் டீச்சர். இருக்கட்டும்.”

“ஏம்மா, அவங்களே சொல்றாங்கல்ல,” என்றான் கணவன்.

“இருக்கட்டுங்க.”

அந்த மாதம் அவள் பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அடுத்த மாதமும் அங்கேயே கிடந்தது. விமர்சனத்தின் கீழே அவள் சொல்லச்சொல்ல அவன்தான் பதில் தட்டச்சு செய்தான்: ‘டீச்சர் சொன்னது சரி. உறுமல் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை. புதிய போன்கள் சீரான சத்தத்தை நீக்கிவிடுகின்றன. அந்த வசதியை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். தொடர்ந்து ஒரே மாதிரி உறுமினால் பதிவு வேண்டாம், நேரில் வருகிறேன்.’ அந்த நாலு வரியை வேறு வட்டார மெக்கானிக்குகள் படமெடுத்துத் தங்கள் குழுக்களில் போட்டார்கள். மிக்ஸி பழுதுபார்க்கும் ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். பத்துக்கு ஆறாக இருந்த கணக்கு ஐந்தாகக் குறைந்தது. மாடிப்படிகள் கூடின.

மறுத்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அக்காவைக் கேட்டால் திமிர். டீச்சரைக் கேட்டால் நேர்மை. அதை வகுப்பிலும் சொன்னாராம். கணவன் இரண்டையும் யோசித்துப் பார்த்தான். திமிர் பிடித்தவள் கீழ்வீட்டுக்கு இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டாள். நேர்மை என்றால், டீச்சரே மனம் மாறி எடுப்பதில் என்ன பொய் இருக்கிறது? அவளிடம் கேட்டான். “உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க” என்றாள்.

மூன்று மாதம் கழிந்ததும் பச்சைக் குறி தானாக வந்து சேர்ந்தது. முதல் பக்கம், நான்காவது பெயர். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். “மார்க் வந்துருச்சா?” என்றாள் அவள், குரலில் சிரிப்போடு.

குறி கிடைத்தவர்களுக்குச் செயலியில் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. தங்களுக்கு வந்த விமர்சனங்களில் ஏதாவது ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைக்கலாம். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். கணவன் முந்நூற்றுச் சொச்சத்தையும் படித்து நான்கைப் பொறுக்கி வைத்திருந்தான். அவள் கிளம்புகிற நேரம் பார்த்து நீட்டினான்.

“இதுல எது வேணும்னு சொல்லு, போட்டுடறேன்.”

ஒரு செருப்பை மாட்டியிருந்தாள். போனை வாங்கி, அவன் பொறுக்கியவற்றைத் தாண்டி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். டீச்சர் எழுதியதில் நின்றாள். அழுத்தினாள். ‘உறுமுகிறது என்றேன்’, கீழே அவளுடைய அந்த நாலு வரிப் பதிலோடு, எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

“இதையா?” என்றான்.

போனை அவன் கையில் வைத்துவிட்டு மற்றொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.