மருதாணிப் பூத் தலையணை

ஜமீலா ஆபா இறந்த செய்தி தேநீர் நேரத்துக்குச் சற்று முன் வந்தது. தையல் பிரிவு கோமதி என் அறை வாசலில் நின்று, "மேடம், ஆபா காலைல போய்ட்டாங்களாம்" என்றாள். உட்காரச் சொன்னேன். "லைன் ஓடுது மேடம்" என்று திரும்பிவிட்டாள். நானும் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பசை ஒட்டும் பிரிவில் பல வருடங்கள் இருந்து, பிறகு தரம் பார்க்கும் பிரிவுக்கு வந்தவர். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். வயதில் இளைய எல்லோருக்கும் அவர் ஆபா, அதாவது அக்கா.

என் கணவர் இறந்த பிறகு எனக்குத் தூக்கம் நின்றுவிட்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரை மறுநாள் மதியம் வரை தலையைக் கனக்க வைத்தது. வேலையில் பிழைகள் வந்தன. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு சம்பளம்தான்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆபா உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் தலையணையை என்முன் வைத்தார். அவர் வீட்டு மதிலோரம் நிற்கும் மருதாணிச் செடியின் பூ. நிழலில் உலர்த்தி உள்ளே அடைத்திருந்தார். "தலைமாட்டுல வச்சிக்கோ. மாத்திரைய நீயா நிறுத்தாத. பேஜாரா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு, கம்மி பண்ணுவாரு. பூ அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கோமதிக்கும் இன்னும் சிலருக்கும்கூடக் கொடுத்தார். மறுநாள் எல்லோருக்கும் தலைவலி.

"ஆபா, நான் தூங்கல, மயங்கிட்டேன்" என்றாள் கோமதி. "ஷூவுக்குள்ள தலைய வுட்டா மாதிரி இருந்திச்சி."

தலையணை தைத்த துணி எங்கள் தொழிற்சாலைக் கழிவு. ஷூவின் உள்பக்கம் ஒட்டும் லைனிங் துணி. அதில் பசை நெடி ஏறியிருந்தது. ஆபா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

பசைப் பிரிவில் இருந்தபோதே வாசனை தெரியாமல் போய்விட்டதாம். யாரிடமும் சொன்னதில்லை. கோமதிதான் கேட்டாள்: "அப்ப இத்தினி நாளா பூ பதமா இருக்குதான்னு எப்டி பாத்தீங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான்."

பூ உலரும் நாட்களில் அதைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் மூக்கின் அருகிலும் நீட்டுவாரே, அது செல்லம் என்று நினைத்திருந்தோம். அதன் பிறகு நன்றாகத் துவைத்த பழைய வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுத்தார். தைத்ததும் கோமதியிடம் நீட்டுவார். "மோந்து பாத்து சொல்லுடி, ஷூவா, பூவா?"

மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். மெல்லத் தூக்கம் திரும்பியது. குறைத்த மாத்திரையாலா, பூவாலா, நாட்கள் கடந்ததாலா என்று எனக்குத் தெரியாது. ஆபாவிடம் கேட்டதற்கு, "எதுன்னா இருக்கட்டும். வேலை தங்கிச்சில்ல?" என்றார். தங்கியது. மகள் இப்போது வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள்.

போன வருடம் ஓய்வு பெற்றார். இதயம் பலவீனமாக இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இன்னும் போயிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம். அந்த மோசமான மாதங்களில் அம்மா, மகள், பக்கத்து வீட்டார் என எல்லோரும் விடிந்ததும் "தூங்கினியா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்துப் பார்த்தே நான் ஓய்ந்துபோனேன். ஆபா ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்று என் டப்பாவைத் திறப்பார்.

இந்த வாரம் கோமதி கண் சிவந்து வருகிறாள். நேற்று அவள் எதிரே போய் உட்கார்ந்து, இன்னா கொழம்பு என்று கேட்டேன். டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.