தறி நின்னா வெளியே

என் அறைக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். முழ நீளம் இருக்கும், கால் பட்டுப் பட்டு வழவழத்துப்போன கட்டை. ஒரு ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பல் தடம். போன வாரம் தம்பி மருமகள் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தாள். அது கட்டில் கால், சோபா என்று ஒன்று விடாமல் நனைத்து வைக்கிறது. "அத்தை, உங்க வீட்ல நாய் இருந்துச்சாமே, எப்படிப் பழக்குனீங்க?" என்று கேட்டாள். "பழக்குனது நான் இல்லமா, என் வீட்டுக்காரர்" என்றேன்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே கூடம், அதில் பாதி தறி. அவர், நான், என் மாமியார், மூன்று பேர்தான். திருப்புட்குழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன மனுஷன் தாம்பூலப் பையோடு வருவார் என்று பார்த்தால், துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். நூல்கண்டு அளவுக்குத்தான் இருந்தது. கண்டு என்றே பெயரும் வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! எங்கள் இரண்டாவது குழந்தையும் பிறந்த பத்தாம் நாளே போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைக்குப் பதிலா நாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அதுக்கில்லமா. தறி நின்னா இந்த வீட்ல ஒரு சத்தமும் இல்ல. அதான்" என்றார்.

பட்டு நெய்கிற வீட்டில் நாய்க்குட்டி வளர்ப்பது என்றால், வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். தறியில் நீள இழுத்துக் கட்டிய பாவு நூலில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், சாயம் ஓடும், ஜரிகை கறுத்துவிடும். அந்தச் சனியனுக்கோ தறிக்குழிதான் பிடித்திருந்தது. குழிக்குள் அவர் கால் வைத்து மிதிக்கும் கட்டைகளுக்குப் பக்கத்தில் சில்லென்று படுத்துக்கொள்ளும். கட்டையைக் கடிக்கும். அங்கேயே நனைக்கும். குழியில் இறங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்து என் இடுப்பு ஒடிந்தது. "பாவுல ஒரு சொட்டு பட்டுச்சு, ஒண்ணு அது வெளிய, இல்ல நான் வெளிய" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அதை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நெய்வார், தறியை நிறுத்துவார், குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் விடுவார். அது காரியத்தை முடிக்கும்வரை குந்திக்கொண்டு பார்த்திருப்பார். திரும்ப வந்து தறி மிதித்ததும் அது உள்ளே ஓடி வந்தால், ஒரு துண்டு பொறை ரொட்டி கிடைக்கும். "தறி நின்னா வெளியே, தறி ஓடுனா உள்ளே" என்று குட்டியிடம் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே இருப்பார். "ஒரு முழம் நெய்யறதுக்குள்ள ஒம்போது வாட்டி எழுந்துக்கினு இருந்தா புடவை எப்பங்க முடியும்?" என்று நான் கத்துவேன். "சத்தம் அதுக்குப் புரியும்மா, பாரேன்" என்பார். ஒரு மாதத்தில் புரிந்துகொண்டுவிட்டது.

ஒரே ஒரு தப்பு நடந்தது. அமாவாசை அன்று நெசவுக்காரர் தறியில் உட்கார மாட்டார்கள் என்பது நாய்க்கு எப்படித் தெரியும்? அன்று காலையில் கொல்லைக்குப் போனது, தறிச் சத்தம் கேட்காததால் உள்ளே வரவே இல்லை. கூப்பிட்டால் வாலை ஆட்டும், வராது. நல்ல வெயில் வேறு. கடைசியில் அவர் குழியில் காலை விட்டு, நெய்யாமல் வெறுமே நாலு மிதி மிதித்தார். பாய்ந்து வந்து சேர்ந்தது. மாமியாருக்குத் தாங்கவில்லை. "அமாவாசையும் அதுவுமா தறியில கால வைக்கிறியே, உனக்கு இன்னா பைத்தியமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். குழந்தை போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் கண்டு எனக்கும் ஒத்தாசையாகிவிட்டது. நாள் முழுக்கக் கேட்கிற தறிச் சத்தம் நம் காதில் ஏறாது, நின்றாலும் சட்டென்று தெரியாது. நாய் அடுப்படி வழியாகக் கொல்லைக்கு ஓடினால், அவர் எழுந்துவிட்டார் என்று தெரிந்து காபியை அடுப்பில் ஏற்றுவேன்.

ஐப்பசியில் ஒரு முற்பகல், கண்டு என் காலை உரசிக்கொண்டு ஓடிற்று. காபியைச் சுட வைத்தேன். அவர் வரவில்லை. "காபி ஆறுது, வரீங்களா இல்லியா?" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். பதில் இல்லை. யாரோடோ வாசலில் பேசிக்கொண்டிருக்கிறார், பேச ஆள் கிடைத்தால் போதுமே என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தடவை சுட வைத்தேன். நாய் மரத்தடியில் கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பொறுக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். அறுந்த இழையைத் தேடுகிறவர் மாதிரி நெய்த துணிமேல் தலையைச் சாய்த்திருந்தார். இதயம் நின்று அரை மணி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அந்த அரை மணியும் நான் அடுப்படியில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் கல்லு மாதிரி இருந்தேன். பால் தெளித்த மறுநாள் விடியலிலிருந்து மழை. கண்டு மரத்தடியில் நனைந்துகொண்டு இருந்தது. மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. தூக்கி வந்து உள்ளே விட்டேன், திரும்பவும் ஓடிற்று. தறி நின்றுதானே இருக்கிறது, அது வெளியேதானே இருக்க வேண்டும்? அவர் சொல்லிக்கொடுத்ததை அது தவறாமல் செய்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் இதுவும் செத்துப்போகும் என்று தோன்றியபோதுதான் எனக்குப் பதறியது.

தீட்டு வீட்டில், கருமாதி முடியாமல், தறியைத் தொடவே கூடாது. நான் குழியில் காலை இறக்கினேன். அவர் நெய்த பாதிப் புடவை அப்படியே இருந்தது. மிதித்தேன். தெருவில் பேச்சு நின்றது. "அய்யய்யோ, எழவு வீட்ல தறிச் சத்தம் கேக்குதே!" என்று எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்தார். எனக்குக் கால் நின்றுவிட்டது. மாமியார் வாசற்படியில் நின்று அந்த அம்மாளை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு, "மிதிம்மா, நிறுத்தாத. அது வரட்டும்" என்றார். மறுபடி மிதித்தேன்.

வந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அப்படி ஒரு சந்தோஷத்தோடு குழிக்குள் குதித்தது. என் பாதத்தை மோந்தது. இன்னொரு பாதத்தையும் மோந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. வால் நின்றது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை, சத்தியமாக நிறுத்தவில்லை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது குழியிலிருந்து ஏறி, மெதுவாகத் திரும்பவும் மழைக்குள் போயிற்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் போய் அதை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஏழு வருஷம் எங்களோடு இருந்தது. வீட்டுக்குள் ஒரு நாளும் நனைத்ததில்லை. தறிக்குழிப் பக்கமும் போனதில்லை.

இன்று காலையில் தம்பி மருமகளின் குட்டி என் அறைக்குள் ஓடி வந்தது. கதவோரக் கட்டையைக் கண்டதும் பழைய பல் தடத்தின்மேலேயே வாயை வைத்துக் கடிக்க ஆரம்பித்தது. "ஏய், அத்தையோடத விடு" என்று அவள் அதட்டினாள். "கடிக்கட்டும், விடும்மா" என்றேன். அடுப்படியில் எனக்காக வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அங்கே போனவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிடாமல், கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து தந்தாள்.